துட்டி அண்ணாச்சி எழுதிய பிழைச் செய்தி

கெட்ட செய்தியை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் தூத்துக்குடியில் ஒரே ஒருவர்தான். எங்கள் கணினி அலுவலகத்தில் அவருக்குத் துட்டி அண்ணாச்சி என்று பெயர். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. காபி மிஷின் நின்றால்கூட, எது போயிற்று, எதனால், இனி எங்கே குடிப்பது என்று இழவு சொல்ல வந்தவர் போல வாசலில் நின்று சொல்வார்.

துறைமுகத்துக் கன்டெய்னர் கிடங்கு ஒன்றின் தரவுத்தளம் எங்கள் பொறுப்பில் இருந்தது. எந்த அட்டவணையில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் தரவுத்தளம் தேடும் வழியைத் தீர்மானிக்கும். புதிய பதிப்புக்கு மாறும்போது அதையும் ஏற்ற வேண்டும். ஒருமுறை சரியாக ஏறவில்லை. திரையில் வந்தது இவ்வளவுதான்: ‘சில புள்ளிவிவரங்கள் ஏறவில்லை.’ எவை என்று நாங்கள் தேடுவதற்குள் கிடங்கு கேட்டில் கணினி திணறி, லாரிகள் நின்று, அவற்றில் இருந்த இறால் நாறிவிட்டது.

பழி அண்ணாச்சி தலையில் விழுந்தது. “இன்னொரு தடவ கேட் நின்னா, நீங்க வீட்டுக்குப் போயிரலாம்” என்றார் மேனேஜர்.

அண்ணாச்சிக்கு வேலை போவதைவிட, திரையில் வந்த அந்த வரிமேல்தான் ஆத்திரம்.

“ஏலே, துட்டி சொல்ல வாரவன் ‘ஒங்க சொந்தத்துல யாரோ செத்துட்டாவ’ன்னா சொல்லுவான்? ஆளு யாரு, எதனால, எங்கன, நாம என்ன செய்யணும்? நாலும் சொல்லணும்லா?”

“ஒருத்தர் செத்தா கல்யாணத்தையே நிறுத்திருவியளா அண்ணாச்சி?” என்றேன்.

“நிறுத்தப்படாது. தாலி கட்டட்டும். பந்தி போடுததுக்கு முன்னால சொல்லிரணும்.”

ஏற்றும் நிரலை அப்படியே வடிவமைத்தோம்; பிழைச் செய்தியை அண்ணாச்சியே எழுதினார். ஒன்று ஏறாவிட்டாலும் மற்றவை ஏறும். கேட் திறக்குமுன் ஏறாததன் விவரம் வந்துவிடும்.

அடுத்த பதிப்பு மாற்றத்தில் ஒரே ஒரு துட்டி விழுந்தது. ஏறாதது: கன்டெய்னர் இருப்பிட அட்டவணை. காரணம்: பழைய வடிவம் பொருந்தவில்லை. செய்ய வேண்டியது: புள்ளிவிவரத்தைப் புதிதாக எடுக்கவும். எடுத்தோம். லாரிகள் நகர்ந்தன. “பாடிய எடுத்தாச்சுலே” என்று அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் ஒரு வரி போட்டார்: ‘நம் ஊழியர் ஒருவர் காலமானார்.’

விசாரித்துவிட்டு, அதன் கீழே நான் முறையாக எழுதினேன். போனவர்: துட்டி அண்ணாச்சி. காரணம்: மாரடைப்பு. இடம்: மாப்பிள்ளையூரணி, அவர் வீடு.

செய்ய வேண்டியது என்ற இடத்தில் மட்டும் எனக்கு ஒன்றும் எழுத வரவில்லை.