ஏகாதசிக்கு முந்தைய பதிப்பு

வாய் திறவாதவனால் உலகுக்கு ஒரு தீங்கும் நேராது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஓர் ஏகாதசிக் காலையில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பூஜையறை வாசலில் தகர்ந்தது.

நான் காப்பீட்டு அலுவலகமொன்றின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். என் பொழுது பாசுரத்திலும் பைத்தான் நிரலிலும் கழிகிறது. மருமகள் கவிதா, தரவுகளைப் 'பிளாக்' என்னும் கட்டுகளாக்கிச் சங்கிலியாய்க் கோக்கும் பிளாக்செயின் மென்பொருள் எழுதுகிறாள். அத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்கும் பொதுவான குறிப்புத் தொகுப்பு ஒன்றை அவளும் நானும், முகமறியா வெளிநாட்டு அன்பர்கள் சிலரும் பராமரிக்கிறோம். இது எண், இது எழுத்து, இது வெறுமையாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொரு தரவுக்கும் இனம் சொல்லும் குறிப்புகள் அவை. சமையலறை டப்பாக்களில் ஒட்டும் சீட்டு மாதிரி. (அந்தச் செயினால் யாருக்கு என்ன பயன் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் விளக்குவாள், நான் தலையாட்டுவேன்.)

தசமி மாலை, கவிதா கெஞ்சிக் கேட்டிருந்த புதுக் குறிப்புகளைச் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டேன். சேர்த்ததோடு நின்றிருக்கலாம். 'பிளாக்கின் எண்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்றொரு குறிப்பு கண்ணை உறுத்தியது. உள்ளவனும் இல்லாதவனுமாய் நிற்கும் பெருமானை நாள்தோறும் பாடித் திளைக்கும் எனக்கு, ஒரு பிளாக்கின் எண் அப்படி நிற்பது மட்டும் பொறுக்கவில்லை. வெளியிடுமுன் அதன் பின்பாதியை நீக்கிவிட்டேன். செயினில் இன்னும் சேராத பிளாக்குக்கு எண்ணே கிடையாது என்பது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் உபவாசம், மௌனம். எழுதவும் மாட்டேன், கருவிகளைத் தொடவும் மாட்டேன். பல்லாண்டு நியமம்.

காலையில் கவிதா மடிக்கணினியோடு ஓடி வந்தாள்.

"மாமா! அந்த பிளாக் நம்பர் குறிப்பால செக் பண்ணா ஒரே ரெட்டா எர்ரர் வருது. பத்து மணிக்கு எங்க ரிலீஸ். பழசுக்கும் போக முடியாது, புதுக் குறிப்பெல்லாம் இதுலதான் இருக்கு. நான் சரி பண்ணிட்டேன், பப்ளிஷ் பண்ண உங்க போன்ல வர்ற ஓடிபி நம்பர் வேணும்!"

வெளியிடும் உரிமை என் பெயரில் இருந்தது. கைப்பேசியின் பூட்டெண்ணோ என் நெஞ்சில் மட்டும் இருந்தது.

அதற்குள் அவளுடைய மேலாளர் ஸ்பீக்கரில் வந்துவிட்டார். "மேடம், அந்த மெயின்டெய்னரைப் பேசச் சொல்லுங்க."

"சார், அவர் இன்னிக்குப் பேச மாட்டார்."

"ஏன், லீவா?"

"ஏகாதசி சார்."

மேலாளர் இணைப்பைத் துண்டித்தார்.

பூட்டெண்ணை விரல்களால் காட்டினேன். நான்கு புரிந்தது. அடுத்தது சுழியம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துச் சேர்த்தேன்.

"சூப்பரா? எது சூப்பர் மாமா, என் வேலை போறதா?"

என் மகன் முரளி காப்பி டம்ளருடன் எட்டிப் பார்த்தான். "அப்பாவுக்குப் பசி தாங்கல, கவி. வடை கேக்கறார்."

இல்லையென்று தலையை வேகமாக ஆட்டினேன்.

"பாத்தியா, ஆமாங்கறார்! ஏகாதசியும் அதுவுமா வடையாப்பா?"

அவள் ஏதோ ஓர் எண்ணை அழுத்தினாள், தவறு. மற்றொன்று; அதுவும் தவறு. இன்னொரு முறை தவறினால் கைப்பேசி பூட்டிக்கொள்ளும். மணி பத்தை நெருங்கியது. கவிதாவின் கண்கள் கலங்கின. பல்லாண்டு மௌனம் என் தொண்டையில் வெடித்தது:

"வடை இல்லடா மடையா, சைபர்!"

மற்ற இலக்கங்களையும் வாயாலேயே சொல்லித் தொலைத்தேன். திருத்திய பதிப்பு வெளிவந்தது, சிவப்பு பச்சையாயிற்று, கவிதாவின் ரிலீஸ் நேரத்துக்கு நடந்தது. பெருமாள் முன் நான் மட்டும் விழித்துக்கொண்டு நின்றேன். திருநாமம் சொல்லி முடிக்க வேண்டிய மௌனத்தை வடையைச் சொல்லி முடித்தவனுக்கு என்ன கதி என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

தசமியன்று பதிப்பு வெளியிடலாகாது என்று பராமரிப்போர் நெறிகளில் கவிதா ஒரு விதியைச் சேர்த்துவிட்டாள். வெளிநாட்டு அன்பர்கள் அதைப் பக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள். சென்ற வாரம் நார்வேக்காரர் ஒருவர், செவ்வாயன்று வெளியிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்து, திதிக்குத் தடையில்லை, மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம் மட்டும் தவிர்க்க, என்று பதில் எழுதினேன். அது எந்த நாட்டு நேரம் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை.