அம்மன் பெயரைத் தொலைத்த விவரம்

லாபு,
16.11.1999

மதிப்பிற்குரிய சம்பந்தி ஆறுமுகம் அவர்களுக்கு,

முருகையா வணக்கத்துடன் எழுதுவது. கெமாஸில் தாங்களும் சம்பந்தியம்மாளும், வளைகாப்புக்கு நாள் குறித்திருக்கும் என் மகள் நீலாவதியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனைக் கண்டாலே இப்போது ஒதுங்கிப் போகிறேன். காரணம் கீழே வரும். தயவுசெய்து நீலாவதிக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டாம்.

தங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை சந்திரன், நம் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் பெயரில் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தது தாங்கள் அறிந்ததே. தோட்டத்தை விற்று ஆட்கள் திசைக்கொருவராகப் போன பிறகு, நூற்று நாற்பது குடும்பங்களின் விலாசமும் இருப்பது அதில் மட்டும்தான். எட்டு வருடமாக அக்காவைத் தேடிய பஞ்சாலை என்ற பெண், போன மாதம் அதைப் பார்த்துத்தான் அவளைத் தம்பின் டவுனில் கண்டுபிடித்தாள். அந்தப் பக்கத்தின் இன்டர்நெட் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு மூடுகிறதாம். அதற்குள் பெயரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட வேண்டும், மாற்றுவதற்கு எட்டு எழுத்தில் ஓர் அனுமதிக் குறி உண்டு. கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குக் கிளம்பிய அன்று மாப்பிள்ளை அதைத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்து, “இது யாரு கையில இருக்கோ அவங்க கையிலதான் மாமா பேரு. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றார்.

முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். துரையின் இரும்புப் பெட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். இந்தத் தாள் வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. முதலில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன்; அங்கே ஒரு பல்லி முறைத்துக்கொண்டே இருந்ததால் மைலோ டின்னுக்கு மாற்றினேன்; அப்புறம் சப்பாத்துக்குள். நான் நொண்டுவதைப் பார்த்துச் செல்லம்மா, “காலுல முள்ளாங்க?” என்றாள். “ஒன்னுமில்ல” என்றேன். காப்பிக் கடை மணியம் வேறு, “பேரு வேற ஆளுகிட்ட போனிச்சுன்னா சாமி படம் இருக்கிற எடத்துல அம்மணப் படம் போட்டுருவானுங்க கிராணி” என்று சொல்லி வைத்திருந்தான்.

நேற்று பஸ் ஏறி சிரம்பானுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தேன். புதுக் கம்பெனிப் பக்கத்தில் குறி கேட்ட கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டினால் எழுத்தைக் காணோம், நட்சத்திரம் விழுகிறது. இரண்டாவது எழுத்துக்கும் நட்சத்திரம். நான் தட்டத் தட்ட எவனோ திருடிக்கொண்டு நட்சத்திரத்தை வைக்கிறான் என்று நினைத்து வேகமாகத் தட்டினேன். எட்டு நட்சத்திரம். கடைசியில் ‘செல்லாது’ என்று வந்தது. மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் அதே பதில். வேர்த்து ஊற்றிவிட்டது சம்பந்தி.

லாபுவுக்குத் திரும்பியதும் மணியம் கடைப் பொதுத் தொலைபேசியிலிருந்து பழைய கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண், தமிழ்ப் பிள்ளைதான், குறியைப் படிக்கச் சொன்னாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு படித்தேன். “கேக்கலியே அங்கிள். மூனாவது எழுத்து சைபரா, ஓ-வா?” “ஓ-தான்லா! முட்டை மாதிரி!” “ரெண்டுமே முட்டை மாதிரிதானே அங்கிள்?” அந்நேரம் பார்த்து ஒரு லாரி போனது. எட்டு எழுத்தையும் தொண்டை கிழியக் கத்தினேன். லாரி போன பிறகு பார்த்தால் கடையில் ஸ்பூன் கலக்கும் சத்தம்கூட இல்லை. மணியம் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டிருந்தான். “சும்மாலா கிராணி, நாலு நம்பர் லாட்டரி எடுக்கத்தான்” என்றான்.

அதைவிடப் பேரிடி அடுத்து வந்தது. “அங்கிள், அந்தப் பேரு இப்ப எங்ககிட்ட இல்லியே. ஏற்கெனவே போயிருச்சு.”

“எங்கம்மா போச்சு?”

“அது ரகசியம் அங்கிள், சொல்ல முடியாது.”

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. நூற்று நாற்பது குடும்பத்தை எவனோ ஒருவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? அவர் கடலிலிருந்து போன் செய்யும்போது தாங்கள்தான், அவர் சாப்பிட்டு முடித்த சமயமாகப் பார்த்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும். வளைகாப்புக்கு நான் வரக்கூடாது என்று தாங்கள் நினைத்தால் செல்லம்மாவை மட்டும் அனுப்பி வைக்கிறேன். என் தவறை என் மகள் தலையில் வைத்துவிடாதீர்கள்.

அம்மன் பெயரைத் தொலைத்தவன் ஆசீர்வாதத்துக்கு மதிப்பு இருக்குமானால், நீலாவதிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அது சேரட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

தங்கள்,
முருகையா

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டபோது செல்லம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். மாப்பிள்ளை அவளிடமும் அதே குறியை எழுதிக் கொடுத்திருந்தாராம். அவர் குறித்துக் கொடுத்த நம்பருக்குப் போன செவ்வாய்க்கிழமையே போன் செய்து, புதுக் கம்பெனிக்குப் பெயரை மாற்றி முடித்துவிட்டாளாம். ஒரு குறி ஒரு தடவைதான் செல்லுமாம். “ஏன்டி என்கிட்ட சொல்லல?” என்றேன். “‘யாருகிட்டயும் சொல்லாதீங்க அத்தை’ன்னு மாப்பிள்ள சொன்னாரு. முக்கியமா உங்ககிட்ட” என்கிறாள். ஆகவே மேலே உள்ள எதையும் படிக்காமல் கிழித்துவிடவும். வளைகாப்புக்கு நான் கட்டாயம் வருவேன்.