மூத்தவளுக்கு மாலை போட்ட கதை

எங்கள் ஆட்களின் வீட்டுச் சுவரில் ஒருவர் படம் தனியாகத் தொங்கினால், அவர் ஒன்று சாமியாக இருக்க வேண்டும், இல்லை செத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. கலைரசிகையான புதிதில் மறந்துபோய்விட்டேன்.

கிங்ஸ்பரியில் வீடு வாங்கியதும் ஹோலில் நான் மாட்டிய முதல் படம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர் வரைந்த ஒரு சிறுமி ஓவியத்தின் பிரதி. ஆறு வயதிருக்கும். கறுத்த தலைமயிர், கறுத்த கண், 'உனக்கென்ன?' என்று கேட்கிற முறைப்பு. அந்தக் காலத்து அக்கடமி ஓவியர்கள் தூரிகைத் தடமே தெரியாமல் மயிர் மயிராக வரைவார்கள் (இதை விளக்க ஒரு சொற்பொழிவே தயாரித்து வைத்திருந்தேன்). தள்ளி நின்று பார்த்தால் ஸ்டூடியோவில் எடுத்த படம்தான்.

புதுவீடு குடிபூரலன்று குத்துவிளக்கை எங்கே வைத்தாலும் புகை அலாரம் அலறியது. படத்துக்குக் கீழே மட்டும் அலறவில்லை. அங்கேயே வைத்தேன். பிள்ளையாருக்கு வாங்கியதில் ஒரு மாலை மிஞ்சியது. மிதிபடக் கூடாதே என்று கைக்கு எட்டிய இடத்தில் கொழுவினேன். எட்டியது படச்சட்டம்.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து என் கணவரின் பெரியம்மா, எனக்கு மாமி, வந்தார். ஒன்பது வருடமாக, "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று என் வயிற்றைப் பார்த்தே பேசுகிறவர். படத்தைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! மூக்கு அப்பிடியே உன்ரை மூக்கு!"

வந்திருந்த சனம் முழுக்கக் கூடிவிட்டது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். என் கணவர் (பெரிய தைரியசாலி) ஐயருக்குப் பார்க்கிங் பிடிக்கப் போனவர் திரும்பவே இல்லை.

"மாமி, அது என்ரை பிள்ளை இல்லை! பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் கீறின படம். அந்தப் பிள்ளை செத்து நூறு வருசமிருக்கும்!"

"செத்திட்டுதெண்டு தாயே சொல்லுறாளே!" மாமியின் சத்தம் இரட்டித்தது.

விஷயம் விளங்க அரைமணி நேரமாயிற்று. விளங்கியதும் மாமிக்குக் கோபம் வந்தது.

"உடனை கழட்டு. பிள்ளையில்லாத வீட்டிலை ஊரான் பிள்ளையை ஏன் கொழுவி வச்சிருக்கிறாய்?"

அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்த நொடி பற்றிக்கொண்டு வந்தது. சொற்பொழிவு போன இடம் தெரியவில்லை.

"கழட்டேலாது மாமி. என்ரை வீடு, எனக்குப் பிடிச்ச படம். பிள்ளை இல்லையெண்டு நாங்கள் ஒருத்தரிட்டையும் போய் அழேல்லை. இனி ஒருத்தரும் கேக்கவும் வேண்டாம்."

அலாரம்கூட வாயைத் திறக்கவில்லை. மாலையை மட்டும் கழற்றினேன்.

படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மாமியும் வருவார். என் வயிற்றைப் பார்ப்பதில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துக் கேட்பார்:

"மூத்தவள் எப்பிடி இருக்கிறாள்?"

"அப்பிடியேதான் மாமி, முறைச்சுக்கொண்டு."

"தாயைப் போலை," என்பார்.