கொரியாக்காவின் ஒத்திகை

கொரியாக்காவோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு, அதற்குப் பிறகு வாழ்க்கையில் எந்தச் சோதனையும் பெரிதாகத் தெரியாது. கோயமுத்தூருக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப்புறம் உள்ள சித்தூரில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் எனக்கு வாய்த்த அறைத்தோழி அவர். அரிசி மில்லில் கணக்குப் பார்த்தார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கோயமுத்தூரைத் தாண்டிப் போனதில்லை. கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து, அந்த நாட்டில் ஒரு தடவையாவது இருந்துவிட்டு வருவது என்று முடிவெடுத்துவிட்டார். அவர் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போவதற்கு முன் ஒத்திகை பார்த்தாரே, அதில்தான் நான் தேய்ந்து போனேன்.

கஞ்சிக்கோடு கம்பெனியில் வேலை முடிந்து, கட்டிலில் விழலாம் என்று கதவைத் திறந்தால், தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார்.

"வா கண்ணு. அங்க கட்டல்ல உக்காந்து திங்க மாட்டாங்க."

இரண்டு மூங்கில் குச்சிகளை என் கையில் திணிப்பார். குச்சியால் இட்லியைத் தூக்கிப் பாருங்கள், தெரியும். பசியே செத்துவிடும்.

வார்டன் எதிரே வந்தால் இடுப்புவரை குனிந்து வணங்குவார். முதல் நாள், ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று வார்டனும் குனிந்து தேடினார்.

அடுத்தது கிம்ச்சி. முட்டைக்கோசில் மிளகாயும் பூண்டும் பிசைந்து, ஜாடியில் அடைத்து, என் கட்டிலுக்கடியில் வைத்தார்.

"ஏனுங்க்கா, உங்க கட்டலுக்கடியில வெக்கக் கூடாதுங்களா?"

"அங்க வெயில் படுது கண்ணு."

சில நாளில் மூடி தெறித்தது. அந்த நாற்றத்தில், செத்த எலியைத் தேடி விடுதியே கட்டில்களை நகர்த்தியது. விஷயம் தெரிந்தும் அக்காவைக் காட்டிக்கொடுக்காமல், அலமாரியையும் நகர்த்தியவள் நான்தான்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். "கொரியான்னா வடக்கா, தெக்கா?"

"தெக்குதானுங்க சார். வடக்கே நான் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேனுங்க."

அவர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் எலப்புள்ளியிலிருந்து அக்காவின் தம்பி வந்தார், தடுக்க. "தனியாளாப் போயி ஏதாச்சும் ஆச்சுன்னா, ஊருக்குள்ள நாங்க என்னன்னு சொல்றதுங்க்கா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அம்மாவக் கடசி வரைக்கும் பாத்தேன். உன்னப் படிக்க வெச்சேன். உன்ர புள்ளைகளுக்குச் சீர் செஞ்சேன். அப்பவும் தனியாளாத்தான் இருந்தேன். ஊரு ஒண்ணும் கேக்கலையே தம்பி."

தம்பி காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். "பெட்டி ஒண்ணு வாங்கணுமில்லீங்க்கா" என்றார்.

ஒரு சுற்றுலாக் குழுவோடு சேர்ந்து அக்கா கிளம்பிப் போனார். அறை அமைதியானது. கட்டிலில் உட்கார்ந்து, கையால் பிய்த்து இட்லி சாப்பிட்டேன். இவ்வளவு நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் வீடியோவில் கூப்பிட்டார். ஏதோ அரண்மனை வாசலில், வாடகைக்கு எடுத்த கொரியப் பாவாடையில் நின்றிருந்தார்.

"எப்படீங்க்கா இருக்குது?"

"தொடர்ல நாம பாத்தமாதிரியே இல்ல கண்ணு. பாவாடை கட்டிட்டுத் திரியறது என்னையாட்ட வெளியூர்க்காரங்கதான். இந்த ஊருப் புள்ளைகளெல்லாம் வேலைக்கு ஓடுதுக. நேத்து ரயில்ல ஒரு புள்ள நின்னுட்டே தூங்குச்சு. உன்ர மொகமாட்டவே இருந்துச்சு. மனசு கேக்கல. எந்திரிச்சு எடம் குடுத்தேன்."

"சாப்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.