கேப்டன் தூக்கி வந்த குக்கர்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு திருட்டுத்தான் செய்திருக்கிறேன். அதையும் பட்டப்பகலில், ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் செய்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

டெல்லி முனிர்காவில் ஒரு மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா நாகர்கோவில்காரி, நர்ஸ். பேச்சில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பால்காரர் என் பெயரைக் கேட்டால், "ஜெனிட்டா" என்று அம்மா சொல்வாள். பல் டாக்டர் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டால், அம்மாதான் என் வாய்க்குள் விரலை விட்டுக் காட்டுவாள். (அவள் காட்டிய பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வலித்தது அதற்குப் பக்கத்துப் பல்.) இப்படி வளர்ந்ததில், பெரியவர்கள் யாராவது எதிரே வந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் நான் ஒரு சர்வாதிகாரி.

அந்தக் கோடை விடுமுறையில் கிட்வாய் நகர் பூங்காவில் பத்து நாள் சம்மர் கேம்ப் நடந்தது. அம்மா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நடத்தியவள் நேஹா என்ற கல்லூரி மாணவி; எங்களுக்கு நேஹா தீதி, அதாவது அக்கா. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் எல்லாரையும்விட உயரம். ஒரு டீமுக்கு நீ கேப்டன்" என்றாள். (எல்லோரும் பேசியது ஹிந்தி. உங்களைச் சோதிக்க வேண்டாம் என்று தமிழில் தருகிறேன்.)

கடைசி நாள் புதையல் வேட்டை. மதியம் பெற்றோர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் பரிசு. மூன்று குறிப்புகளைத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தோம். நான்காவது சீட்டில் இருந்தது இதுதான்: 'நிழல் தரும், மரம் இல்லை. நான்கு கால், நடக்காது. கீழே சிவப்பு மேஜை. அங்கே உங்கள் புதையல்.'

எங்கள் டீமிலேயே பொடியன் கபீர். அவனுக்கு நானும் தீதி. "நாம தண்ணி குடிக்கிற பந்தல்தான், தீதி" என்றான்.

பத்து நாளாக நாங்கள் தண்ணீர் குடித்த பந்தல். பத்தடி தூரத்தில் இருந்தது. உள்ளே சிவப்பு மேஜையும் இருந்தது.

"புதையலை இவ்வளவு பக்கத்துல வைப்பாங்களா, முட்டாள்!" என்றேன்.

பின்பக்க கேட்டுக்கு அப்பால் குடியிருப்புகளுக்கு நடுவே பிரம்மாண்டமான ஷாமியானா ஒன்று தெரிந்தது. பூங்காவை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அது மற்ற டீம்களை ஏமாற்றப் போட்ட விதி என்று விளக்கி, ஆறு பேரையும் நடத்திக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு ஆன்ட்டி, "நீங்க எல்லாம் ஷர்மாஜி வீட்டுப் பிள்ளைகளா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த நிமிடம் ஏழு பேர் கையிலும் தட்டு. பூரி, சோலே என்ற கொண்டைக்கடலை மசாலா, பனீர், குலாப் ஜாமூன். புதையல் வேட்டையில் சாப்பாடும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் பின்னாளில் டிகிரி வாங்கினேன்.)

மூலையில் சிவப்புத் துணி விரித்த மேஜை. அதன் மேல் பளபளக்கும் காகிதம் சுற்றிய ஒரு பெரிய பெட்டி. நானும் கபீரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசலில் நின்ற ஒருவர், "சபாஷ், நல்ல பிள்ளைங்க, வேலை செய்யுதுங்க!" என்று திரையை விலக்கி வழி விட்டார்.

பூங்காவில் நேஹா தீதி அழும் நிலையில் இருந்தாள். முக்கால் மணி நேரமாக ஏழு பிள்ளைகளைக் காணோம். டியூட்டி முடிந்து நேராக வந்த அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"எங்க போனட்டி?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நான் வெற்றிப் புன்னகையோடு காகிதத்தைக் கிழித்தேன். ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். மேலே ஒரு அட்டை: 'பணி ஓய்வு பெறும் எங்கள் சாருக்கு, அலுவலக நண்பர்கள்.'

பின்பக்க கேட்டுக்கு அப்பால் தெரிந்த ஷாமியானாவைக் கை காட்டினேன். கபீர், "நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

அம்மா குக்கரை வாங்கிக்கொண்டாள். "நீ வாயத் தொறக்காண்டாம் மக்களே. நான் போய்ப் பேசிட்டு வாறேன்."

நேஹா தீதி குறுக்கே வந்தாள். "ஆன்ட்டி, எடுத்துட்டு வந்தவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நாம வாசல்ல நிக்கலாம்."

அம்மா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குக்கரை என் கையில் வைத்தாள். அம்மா பதில் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

நான் நுழைந்தபோது ஓய்வு பெறும் அங்கிள் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நேராக அவர் முன்னால் போய் நின்றேன். நின்ற வேகத்தில் குக்கருக்குள் வெயிட் கடகடவென்று உருண்டது.

"என்ன பேட்டா?" என்று குனிந்தார், மைக்கோடு.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இனி நான்தான் பேச வேண்டும்.

"அங்கிள், இது உங்க குக்கர். புதையல்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிட்டேன். நாங்க ஷர்மாஜி வீட்டுப் பிள்ளைங்க இல்ல. ஏழு பேரும் சாப்பிட்டோம். குலாப் ஜாமூன் நான் மட்டும் நாலு. தப்பு என்னோடதுதான், கபீர் முதல்லயே சரியாச் சொன்னான்."

அத்தனையும் ஸ்பீக்கரில் கிட்வாய் நகர் முழுக்கக் கேட்டது.

அங்கிள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சாப்பாடு எப்படி இருந்தது?" என்றார்.

"சோலேல உப்பு கம்மி, அங்கிள்."

ஷாமியானா அதிர்ந்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ் முழுக்க இப்படி ஒரு விளக்கக் கடிதம் எனக்கு வந்ததில்லை! தப்பு என்னோடதுன்னு எழுதின ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை!" அவருடைய அலுவலக நண்பர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள். திரும்பும்போது கேம்ப் முழுவதற்கும் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குலாப் ஜாமூன் கொடுத்து அனுப்பினார்.

திட்டு விழும் என்று பயந்துகொண்டே அம்மாவோடு தெருவுக்கு வந்தேன். ஒரு ஆட்டோ நின்றது. அம்மா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"நீ சொல்லு. எங்க போகணும்னு."

"அண்ணா, முனிர்கா" என்றேன். ஆட்டோக்காரர் மறு பேச்சில்லாமல் மீட்டரைப் போட்டார். அம்மா வழி முழுக்க என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இன்று எனக்கு ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் வேலை. கொதித்துப்போய் வருகிறவர்கள் முன்னால் நின்று, தப்பு எங்களுடையதுதான் என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள், இதற்கு எங்கே டிரெய்னிங் எடுத்தீர்கள் மேடம் என்று கேட்கிறார்கள்.

வீட்டில் மட்டும் எந்த மரியாதையும் கிடையாது. கல்யாணம், கிரகப்பிரவேசம், கிறிஸ்துமஸ் விருந்து என்று எங்கே போனாலும், கிளம்பும்போது வாசலில் அம்மா என்னை நிறுத்திச் சோதனை போடுவாள். என் கல்யாணத்தன்றும் விடவில்லை. கார் கதவு திறந்திருக்கிறது. நான் அழுகிறேன், அம்மா அழுகிறாள், என் கணவர் செய்வதறியாமல் நிற்கிறார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, கையக் காட்டிட்டுப் போ" என்றாள்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். மருதாணி மட்டும்தான் இருந்தது.