பன்னிரண்டு மீட்டர் டிராஃப்ட்

அறுபத்து மூன்று வயதில், செயின் கழன்ற சைக்கிளில், பெடலை ஒரு சுற்றுகூட மிதிக்காமல், பதினெட்டு கிலோமீட்டர் பந்தயம் ஓடி, இருபத்தைந்து வயது இளைஞர்கள் ஏழு பேரை முந்திய ஒரே மனிதன் இந்தப் பூமியில் நான்தான். நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம். சான்றிதழைக் கண்ணாடி போட்டு, பனிமய மாதா படத்துக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கிறேன். அதன் பிறகு மாதா முகத்தில் ஒரு சிரிப்பு தெரிகிறது என்கிறார்கள். பெருமிதமாக இருக்கும்.

இந்தச் சாதனையின் முழுப் பெருமையும் நவீன அறிவியலுக்கும், அதன் தூத்துக்குடிப் பிரதிநிதியான கிளாட்வினுக்குமே சேரும்.

நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பல்களின் டிராஃப்டைக் குறித்து வைத்தவன். கப்பல் தண்ணீருக்குள் எத்தனை மீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்பதுதான் டிராஃப்ட். சரக்கு ஏறினால் கூடும், இறங்கினால் குறையும். இதை மட்டும் ஒழுங்காக எழுதியதற்கு எனக்கு ஓய்வூதியம் தருகிறார்கள். ஓய்வுபெற்ற அன்று ரோடு பைக் என்கிற சைக்கிள் ஒன்று வாங்கினேன். தினமும் காலையில் நான் அதிலும், இழுவைப்படகை ஓட்டும் சாரங்காக இருந்து ஓய்வுபெற்ற பர்னபாஸ் தன் டிவிஎஸ் எக்ஸெலிலும் துறைமுகக் கடற்கரைக்குப் போய் டீ குடிப்போம். நான் ஏதாவது சொல்வேன், அவன் நம்ப மாட்டான். பர்னபாஸ் எதையுமே நம்பாதவன். தன் கல்யாணத்தையே ஆல்பம் வந்த பிறகுதான் நம்பினான்.

இந்த ஏற்பாட்டுக்கு என் மகள் ஜெமிமாவால் ஆபத்து வந்தது. உப்பளத்துச் சாலையில் நான் ஒருமுறை சறுக்கியதை எவனோ படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிட்டான்.

"போதும்ப்பா. சைக்கிளை வித்துட்டு சென்னைக்கு வாங்க. பதினோராவது மாடி, நல்ல காத்து."

"நான் ட்ரையத்லான் ஓடுற உடம்புளா இது!" என்றேன். அந்தச் சொல்லை அன்று காலையில்தான் பேப்பரில் படித்திருந்தேன்.

"அப்ப ஓடிக் காட்டுங்க. சான்றிதழ் வந்தா நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா வண்டி ஏறணும்."

பந்தயத்தை நடத்தியது 'முத்துக்கரை மும்முனைப் போட்டிக் கழகம்'. மும்முனை என்றதும் மின்வாரியத்துக்காரர்களோ என்று பயந்தேன். இல்லையாம். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் வடக்கே இருபது கிலோமீட்டர் சைக்கிள், அங்கேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள்.

கழகத்தின் 'தொழில்நுட்ப ஆலோசகர்' கிளாட்வின். என் சைக்கிளைச் சுற்றி மூன்று முறை நடந்தான்.

"அங்கிள், இது சைக்கிள்."

"ஆமா தம்பி."

"அதான் பிரச்சனை. இதை மெஷினா மாத்தணும். காத்தை ஏமாத்தணும்."

பர்னபாஸ் எக்ஸெலில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "காத்தை ஏமாத்தப் போனவனையெல்லாம் நான் கயிறு போட்டு இழுத்துட்டு வந்திருக்கேன் தம்பி."

அறிவியல் இதற்கெல்லாம் அஞ்சுமா? கிளாட்வின் முதலில் மணியைக் கழற்றினான், எடை. பிறகு ஸ்டாண்டை, மட்கார்டை, தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பியை. இருக்கையை நாலு விரற்கடை முன்னால் தள்ளி, மேலே ஏற்றினான். ஹேண்டில்பாரின் நடுவில் 'ஏரோ பார்' என்று இரண்டு கொம்புகள் முளைத்தன. முழங்கையை அவற்றில் ஊன்றி, குப்புறப் படுத்து, தலையைக் குனிந்து ஓட்ட வேண்டும். கியரை அந்தக் கொம்பு நுனிக்குக் கொண்டுவந்தான். பிரேக் பழைய இடத்திலேயே இருந்தது.

"அவசரத்துக்குப் பிரேக் எட்டலையே தம்பி?"

"ரேஸ்ல எதுக்கு அங்கிள் நிக்கப் போறீங்க?"

அசந்து போனேன். இப்படி ஒரு பதிலை அறுபது வருடத்தில் எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொன்னதில்லை. கடைசியாகப் பின்சக்கரத்தின் கம்பிகள் தெரியாமல் இரண்டு பக்கமும் பெரிய வட்டத் தகடு போட்டு மூடினான். நீந்தவும் ஓட்டவும் ஓடவும் ஒரே உடை என்று, முதுகில் ஜிப் வைத்த ஒரு சட்டையும் தந்தான். என் அளவுக்கு இரண்டு அளவு பெரியது. "போகப் போகச் சரியாயிரும் அங்கிள்."

விதிப் புத்தகம் வந்தது. ஏழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'டிராஃப்ட் மண்டலம்: பன்னிரண்டு மீட்டர்' என்று போட்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்நாள் உழைப்புக்கு விளையாட்டு உலகம் இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் என்று யார் கண்டது?

"பன்னெண்டு மீட்டர்னா நல்ல நிலக்கரிக் கப்பலாச்சேலே," என்றான் பர்னபாஸ். "ஒன் சைக்கிள் எங்கன அம்புட்டு அமுங்கப் போவுது?"

"அதுக்குள்ள இருக்கணும்னு அர்த்தம்லே. குறியீடு இல்லாம எப்படி அளப்பான்?"

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையில், கப்பலில் இருப்பது போலவே, வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு எண் எழுதினேன். அந்த விதியின் உண்மையான பொருள், முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றுப் படாமல் ஓட்டாதே, பன்னிரண்டு மீட்டர் தள்ளி வா என்பதுதான் என்று பின்னாளில் சொன்னார்கள். அதற்கு ஏன் எங்கள் வார்த்தையை எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பந்தய நாள். நீச்சலில் குறையொன்றும் இல்லை. நடுவழியில், எனக்குத் தெரிந்த வத்தைப் படகுக்காரர் ஒருவர் வந்தார். அன்றைய மீன்பாடு என்ன என்று கேட்டதில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கடைசி ஆளாகக் கரையேறினேன். அதற்குள் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டது. கச்சான் எங்கள் பழைய அலுவலகம் மாதிரி. ஒன்பது மணிக்கு மேல்தான் வேலைக்கு வரும். வந்தால் பிடிக்க முடியாது.

சைக்கிளில் ஏறி, கொம்பைப் பிடித்துக் குப்புறப் படுத்தேன். முதுகில் ஜிப் விட்டுக்கொண்டது. இரண்டாவது கிலோமீட்டரில் கட்டைவிரல் கியரில் பட, செயின் கழன்று தொங்கியது. கால் வெறுமே சுற்றியது. நிறுத்தலாம் என்றால் பிரேக் எட்டவில்லை. சரி, தானாக நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

நிற்கவில்லை.

இடப்பின்புறமிருந்து வந்த கச்சான் பின்சக்கரத் தகட்டில் மோதியது. ஜிப் திறந்த சட்டைக்குள் புகுந்து முதுகில் ஒரு படகுப் பாயை விரித்தது. ஓர் இளைஞனைக் கடந்தேன். இன்னும் இருவரை, பிறகு நால்வரைக் கடந்தேன். கால்களுக்கு வேலை இல்லாததால் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். பர்னபாஸ் எக்ஸெலில் எனக்கு முன்னால் போய், சாலையில் படுத்திருந்த ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தான். வண்டிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தவன் அலறினான்:

"ஏலே ஜேசுபாதம்! பாயை இறக்குலே! கரை தட்டிருவே!"

அப்போது ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்தாள் ஐஸ்வர்யா, போட்டி நடுவர். பின்னிருக்கையில் உட்கார்ந்து கையில் நோட்டு வைத்திருந்தாள்.

"அங்கிள்! அந்த வண்டிக்குப் பின்னாடி டிராஃப்ட் பண்றீங்களா?"

கடமை உணர்ச்சியுள்ள பெண். முப்பத்து நான்கு வருட அனுபவத்தோடு பதில் சொன்னேன்.

"டிராஃப்ட் கொறைச்சல்தான் தாயி! காலையில ரெண்டே இடியாப்பம்தான் ஏத்தியிருக்கு!"

அவள் எழுதிக்கொண்டாள்.

இருபதாவது கிலோமீட்டரில் ஓர் உப்புக் குவியல் என்னை அன்போடு ஏற்றுக்கொண்டது. எழுந்து, உப்பைத் தட்டி, ஐந்து கிலோமீட்டரையும் நடந்து முடித்தபோது நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது.

சான்றிதழ் மட்டும் வரவில்லை. 'விசாரணை' என்று கடிதம் வந்தது. ஒரு வாரம் டீக்கடையில் நான் நடந்ததைச் சொல்வதும், பர்னபாஸ் மறுப்பதுமாகப் போனது.

"நீதானலே கண்ணாடியில பாத்தே?"

"கண்ணாடியில தெரியுததையெல்லாம் நம்பவா முடியும்? மிதிக்காம போனானாம். போலே."

விசாரணை நாளன்று கழக அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போது பர்னபாஸிடம் சொன்னேன்: "நாளைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஜெமிமா டிக்கெட் எடுத்துட்டா. சான்றிதழ் கெடைச்சா கேன்சல் பண்ணுவாளாம். திரும்பி வர டிக்கெட் எடுக்கலை."

பர்னபாஸ் எனக்கு முன்னால் படியேறிப் போனான். இதையும் நம்பவில்லை என்று நினைத்தேன்.

குளிரூட்டிய அறையில் குழு வீற்றிருந்தது. தலைவர் தாணுலிங்கம் நடுவில். அவர் பக்கத்தில் கிளாட்வின். ஐஸ்வர்யா நோட்டிலிருந்து கணீரென்று வாசித்தாள்: "டிராஃப்ட் செய்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் கொஞ்சம்தான் என்றார். இடியாப்பத்தையும் காரணமாகக் காட்டினார்."

தலைவர் என் சைக்கிளின் புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். "கவட்டையில அளவுகோல் வேற. இது திட்டமிட்ட டிராஃப்டிங்."

நான் கப்பல் டிராஃப்டை விளக்கினேன். காற்றை விளக்கினேன். குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டார். தலைவர் பர்னபாஸ் பக்கம் திரும்பினார்.

"முன்னால வண்டியில போனது நீங்கதானே? இவரு உங்களுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு வந்தாரா? இல்ல, சொல்றாப்ல செயின் இல்லாம, மிதிக்காம, காத்துலயே வந்தாரா?"

எழுபது வயதுவரை எதையும் நம்பாதவன் என்ற நற்பெயரைக் கட்டிக்காத்த பர்னபாஸ் எழுந்து நின்றான். வேட்டியைச் சரிசெய்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நடந்துச்சு சார். எம்பின்னால ஒண்ணும் ஒட்டிக்கிடலை, அம்பது அடி தள்ளி வந்தான். செயின் தொங்கிட்டுக் கெடந்துச்சு. காலு ரெண்டும் சும்மா இருந்துச்சு. பாய் விரிச்ச வள்ளம் வாராப்ல கச்சான்ல வந்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"ஒரு சைக்கிள் அப்படிப் போகுமாய்யா?"

"சைக்கிள் போவாது சார். ரெண்டு மாசத்துக்கு முந்தி இவன்ட்ட ஒரு நல்ல சைக்கிள் இருந்துச்சு. மணி இருந்துச்சு, பிடிச்சா நிக்க பிரேக் இருந்துச்சு. அதுலதான் டீ குடிக்க வருவான். அதைக் களவாண்டவன் உங்க பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கான். மொதல்ல அதை விசாரிங்க."