பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

"எங்கிட்டதான் ரெண்டு இருக்கே" ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெருவுக்கு ஒருவராவது உண்டு. வண்டிக்கு இரண்டு சாவி, படிக்க இரண்டு கண்ணாடி, அடுப்புக்கு இரண்டு சிலிண்டர் என்று எல்லாவற்றிலும் இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றோடு காலம் தள்ளும் நம்மைப் பார்த்து உச்சுக் கொட்டுகிற இனம் இது. இந்த இனத்தின் உச்சியில் இருப்பவர், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, ஒன்றில் பதிவதெல்லாம் அப்படியே மற்றதிலும் பதியும்படி செய்து வைத்திருப்பார். அதற்குப் பெயர் ரெய்டாம்.

என் பக்கத்து வீட்டு நமசிவாயம் அண்ணாச்சி அப்படிப்பட்டவர். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் அவர் வீடு விருந்தாளிகளால் நிறைந்துவிடும். அருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், கொலைப்பசியோடு வந்து இறங்குகிறவர்களை அவர் நேரே கம்ப்யூட்டர் மேசைக்கு ஓட்டிக்கொண்டு போய், பக்கத்தில் படுத்திருக்கும் கருப்புப் பெட்டியைக் காட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு டிஸ்க்குகளையும் அறிமுகம் செய்துவைத்து, ஒன்று செத்தாலும் மற்றது எப்படி உயிரோடிருக்கும் என்ற தத்துவத்தை விளக்கி முடிப்பதற்குள் இட்லி ஆறிப்போகும்.

"ஒண்ணு போனா என்ன? இன்னொண்ணு இருக்குல்லா!"

விருந்தாளி பலமாகத் தலையாட்டுவார். பசி.

இந்த ஆசாமிகளிடம் ஒரு விசேஷம் பார்த்திருக்கிறீர்களா? பெட்டி ஆபத்து என்று பீப் பீப் எனக் கத்தினால், ஆபத்து என்னவென்று பார்ப்பதற்கு முன்னால் கத்தலை நிறுத்துவார்கள். பெண்டிரைவில் ஒரு காப்பி கேட்டால், குடும்பத்தையே இழிவுபடுத்தியதுபோல முகம் சுளிப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர், "எங்கிட்ட இருக்கத அழிச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டபோது நம்மவர், "தாராளமா அழிங்க" என்றார்.

அந்த வீடியோவில், நலங்கின்போது அவர் மனைவி சண்முகசுந்தரியின் அக்கா முத்துசெல்வி, சம்பந்தி வீட்டாரைக் கிண்டலடித்து ஒரு பாட்டுப் பாடியிருந்தாள். சம்பந்தியம்மாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பாட்டு. மறு வருஷம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் வேறு எதிலும் கிடையாது. மனசு சரியில்லாத நாளில் சண்முகசுந்தரி அதைப் போட்டுக் கேட்பாள். எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

போன ஆயுத பூஜை கழிந்து கொஞ்ச நாளில், இரண்டாம் டிஸ்க் பழுது, உடனே மாற்றவும் என்று கம்ப்யூட்டர் திரையில் வந்தது. அண்ணாச்சிக்குக் கவலையா? கொண்டாட்டம்! இத்தனை காலம் சொன்ன தத்துவத்தை நிரூபிக்க நாள் வந்துவிட்டது. புது டிஸ்க் வாங்கிவந்து, வேடிக்கை பார்க்க என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்புறம்தான் தெரிந்தது சிக்கல். எது ஒன்று, எது இரண்டு? டிஸ்க்குகளின் முகப்பில் எண் போட்டிருந்த இடத்தில்தான் அவர் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். பக்தி கொஞ்சம் தாராளம்.

"லேசா சொரண்டிப் பாருங்களேன்," என்றாள் சண்முகசுந்தரி.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்கச் சொல்லுதியேட்டி!"

"அப்ப நாளைக்கு மாத்துங்க. அக்கா பாட்டு இதுலதான கெடக்கு."

"மேல இருக்கது ஒண்ணு, கீழ இருக்கது ரெண்டு. இதுக்குப் போயி நாளைக்கா?"

கீழே இருந்ததை உருவினார். நிற்கவேண்டிய பெட்டியைப் படுக்கவைத்தவர் தானே என்பதும், படுக்கவைத்ததில் இரண்டு மேலே போய்விட்டது என்பதும் அவருக்கு ஞாபகமில்லை. உருவியதோடு விட்டாரா? பழைய டிஸ்க் திருடன் கையில் சிக்கினால் பாங்க் விவரமெல்லாம் போய்விடும் என்று, வாசலில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கினார். வெள்ளிக்கிழமை பொட்டை அழிக்கத்தான் கூடாது. பொட்டோடு சேர்த்து அடிக்கலாம் போலிருக்கிறது.

புது டிஸ்க்கை மாட்டியதும், பெட்டியில் மிச்சமிருந்தது கரகரவென்று இழுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. சனிக்கிழமை காலையில் ஈரத்துணியால் அதன் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார். இரண்டு! தென்காசியில் ரிப்பேர்க் கடையில் காட்டினார், திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

சண்முகசுந்தரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அண்ணாச்சி பிழைத்திருப்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவரே ஆரம்பித்தார்.

"இனிமே கவலையே இல்ல. நாலு டிஸ்க் போடப்போறேன்."

"நாலுலயும் என்னத்தப் போடப்போறீய?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவ்வளவு சங்கடமாக இருந்தது.

நீங்கள் அண்ணாச்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் போனிலும் இனிமேல் கேட்கக் கிடைக்காத குரல் ஒன்றாவது இருக்குமே? "அது இன்னொரு இடத்துலயும் இருக்கு" என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். கடைசியாக எப்போது அதைத் திறந்து கேட்டீர்கள்?